நெடும்பாதையும் பக்கத்துக் கடையும்

ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் இருக்கும் கலீசியாவில், சிற்றூர்க் காபிக் கடைகளின் கல்லாப் பக்கத்தில் ஒரு ரப்பர் முத்திரை இருக்கும். பக்கத்திலேயே மைப்பெட்டி. யாரும் கைமறதியாக எடுத்துப் போய்விடக் கூடாதென்று சில கடைகளில் முத்திரையை நூலில் கட்டி வைத்திருப்பார்கள். முதுகில் மூட்டையோடு உள்ளே வருகிறவர் ஒரு காபி சொல்லிவிட்டு, மடித்து மடித்து ஓரம் நைந்துபோன ஓர் அட்டையை நீட்டுவார். கடைக்காரர் கோப்பையை வைத்த கையோடு முத்திரையைக் குத்தித் தேதியை எழுதுவார். இந்த யாத்திரைப் பாதை முடியும் சந்தியாகோ தே கொம்போஸ்தெலாவில் இருக்கும் யாத்திரிகர் அலுவலகத்தில் சான்றிதழ் வாங்க வேண்டுமானால் குறைந்தது 100 கிலோமீட்டர் நடந்திருக்க வேண்டும். அந்த நடையில் நாளொன்றுக்கு இரண்டு முத்திரையாவது அட்டையில் விழுந்திருக்க வேண்டும். நடந்ததற்குச் சாட்சியாக வைத்த விதி இது. ஆனால் அந்த விதியால்தான் நடப்பவர் தினமும் எங்காவது இரண்டு வாசல்படி ஏறியாக வேண்டியிருக்கிறது. எந்தத் தொலைக்காட்சி விளம்பரமும் அந்தக் காபிக் கடைக்கு இவ்வளவு செய்திருக்காது.

நூறு, முந்நூறு, எண்ணூறு கிலோமீட்டர் நீளும் நடைப்பாதை ஒன்றை உலகுக்கு அறிமுகப்படுத்துவது எப்படி, அதற்குச் செலவழிப்பது யார், அதனால் பிழைப்பது யார் என்ற கேள்விகள் இன்று பல நாடுகளில் கேட்கப்படுகின்றன. சுற்றுலாத் துறைகள் பெரும்பாலும் படங்களால் பதில் சொல்கின்றன: மலைமுகட்டில் கைவிரித்து நிற்கும் ஓர் உருவம், கீழே பனிமூட்டம், மேலே ஒரு வாசகம். பாதையோரத்தில் விடுதி நடத்துகிறவரும், சாப்பாட்டுக் கடைக்காரரும், மூட்டை ஏற்றிச் செல்லும் வேன்காரரும் கேட்பது வேறு. பல பாதைகளின் கதையை அடுத்தடுத்து வைத்துப் பார்த்ததில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: விளம்பரம் செய்கிறவரின் கண்ணுக்குப் பாதை ஒரு நீண்ட கோடு. கடைக்காரருக்கோ அந்தக் கோட்டில் ஒரு புள்ளிதான் சொந்தம். கோடு எவ்வளவு புகழ் பெற்றாலும், தன் புள்ளியில் ஆள் நிற்காவிட்டால் அந்தப் புகழ் அவர் வீட்டு அடுப்பை எரிக்காது.

விடுதிக்காரரின் ஒரு காலைப் பொழுதை நினைத்துப் பாருங்கள். காரில் வருகிற குடும்பம் இரண்டு மூன்று இரவு தங்கும். படுக்கை விரிப்பை ஒரு முறை மாற்றினால் போதும். நடந்து வருகிறவர் ஓர் இரவுதான் தங்குவார். சேறு படிந்த காலணியோடு வருவார். நனைந்த உடையை உலர்த்த ஓர் அறை கேட்பார். விடியலில் சிற்றுண்டியும் கையில் கட்டிக்கொடுக்க மதிய உணவும் வேண்டும் என்பார். எட்டு மணிக்குள் கிளம்பிப் போய்விடுவார். அன்றைக்கே விரிப்பைத் துவைத்து, அறையைத் துடைத்து, அடுத்தவருக்குத் தயாராக்க வேண்டும். இதனால்தான் பிரிட்டனில் பல சிறு விடுதிகள் வார இறுதியில் ஓர் இரவுக்கு மட்டும் அறை தரத் தயங்குகின்றன. வியாபாரிகள் விளம்பரத்துக்கு எதிரிகள் அல்லர். ஆனால் விளம்பரம் எந்த வகை ஆளை, எந்த மாதத்தில், எந்தக் கிழமையில் தங்களிடம் கொண்டுவரும் என்று முதலில் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் சிற்றேடுகளைக் காண்பது அரிது.

சந்தியாகோ பாதையின் வளர்ச்சி எல்லோரும் எடுத்துக்காட்டும் கதை. 1980களின் நடுவில் ஆண்டுக்கு மூவாயிரம் பேர்கூட அங்கே சான்றிதழ் வாங்கவில்லை. ஓ செப்ரெய்ரோ என்ற மலையூரின் பங்குத்தந்தை எலியாஸ் வாலினா, மறைந்துபோயிருந்த பழைய வழியைத் தேடி, மரத்திலும் கல்லிலும் சுவரிலும் மஞ்சள் அம்புக்குறி தீட்டிக்கொண்டே போனார். 1987-இல் ஐரோப்பிய மன்றம் அதைத் தன் முதல் பண்பாட்டு வழியாக அறிவித்தது. 1993 புனித ஆண்டில் கலீசிய அரசு பெரும் விளம்பரத்தோடு இறங்கியது. அதோடு வழிநெடுகப் பொதுத் தங்குமிடங்களையும் திறந்தது. அந்த ஆண்டு மட்டும் ஏறக்குறைய 1 லட்சம் பேர் சான்றிதழ் பெற்றார்கள். 2024-இல் அந்த எண்ணிக்கை 5 லட்சத்தை நெருங்கியது.

இந்த எண்களைக் காட்டுகிறவர்கள் 1993-இன் விளம்பரத்தைப் பற்றியே பேசுவார்கள். எனக்கோ அம்புக்குறிகளும் தங்குமிடங்களும்தான் பெரிதாகப் படுகின்றன. அம்புக்குறி இருந்ததால் வழி தெரியாதவரும் தைரியமாக நடந்தார். இரவுக்குக் கூரை இருந்ததால் கிளம்பினார். நடந்து திரும்பியவர் தன் ஊரில் பத்துப் பேரிடம் சொன்னார். விளம்பரம் அந்த அடித்தளத்தின் மேல்தான் நின்றது.

ஆனாலும் பலன் பாதை முழுவதும் சமமாகப் பரவவில்லை. பிரெஞ்சு எல்லையிலிருந்து வரும் முதன்மை வழி ஏறக்குறைய 780 கிலோமீட்டர். சான்றிதழுக்கு 100 கிலோமீட்டர் போதும் என்பதால், அந்த அளவைச் சற்றே தாண்டி அமைந்திருக்கும் சாரியா என்ற சிறிய ஊரில் கூட்டம் குவிந்தது. சான்றிதழ் பெறுவோரில் பத்துக்கு மூன்று பேர் அங்கிருந்துதான் நடக்கத் தொடங்குகிறார்கள். சாரியாவுக்கு மேற்கே விடுதிகள் நெருங்கி நிற்கின்றன. அதற்குக் கிழக்கே, காஸ்தீல்ய மேட்டுநிலத்தின் நீண்ட கோதுமை வெளிகளில் கடை வைத்திருப்பவருக்கு அதே பாதையின் புகழ் பாதியளவும் வந்து சேர்வதில்லை. அலுவலக விதி ஒன்று சாரியாவுக்கு வாழ்வு கொடுத்தது. கிழக்கில் இருக்கும் கடைக்காரர் விளம்பரத்தைக் கூட்டச் சொல்லிக் கேட்பதில்லை. முழு வழியையும் நடப்பவர்களை ஊக்குவியுங்கள் என்கிறார். தனியார் விடுதிக்காரருக்கு இன்னொரு மனக்குறை: காணிக்கையாகக் கொடுத்ததை வாங்கிக்கொள்ளும் திருச்சபைத் தங்குமிடமும் குறைந்த கட்டணப் பொதுத் தங்குமிடமும் பக்கத்திலேயே இருக்கும்போது தன் விலையை எப்படி நிர்ணயிப்பது? அந்தத் தங்குமிடங்களே பாதையின் உயிர் என்பதை அவரும் மறுப்பதில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிற நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

பிரிட்டனுக்கு வருவோம். அங்கே நெடும்பாதை என்ற எண்ணமே ஒரு பத்திரிகைக் கட்டுரையில் பிறந்தது. 1935-இல் டாம் ஸ்டீபன்சன் எழுதிய கட்டுரையின் விளைவாக, முப்பது ஆண்டுகள் கழித்து 1965-இல் பென்னைன் வழி திறக்கப்பட்டது. 268 மைல் நீளம். அதற்கு வழிகாட்டி நூல் எழுதிய வெயின்ரைட், முழு வழியையும் நடந்து முடித்தவருக்குக் கடைசி ஊரான கிர்க் யெத்தாமின் மதுவிடுதியில் தன் செலவில் பீர் வாங்கிக் கொடுத்தார். நூறு சிற்றேடுகளைவிட அந்த ஒரு கோப்பை அந்த விடுதியின் பெயரை நடப்பவர்கள் மனத்தில் நிறுத்தியது. ஆனால் அதுவும் பாதையின் கடைசிப் புள்ளிக்குக் கிடைத்த பரிசுதான். நடுவழியில் இருக்கும் ஊர்களுக்கு அப்படி ஒரு புரவலர் வாய்க்கவில்லை.

பாதை தங்களுக்கு எவ்வளவு சோறு போடுகிறது என்பதைப் பிரிட்டனின் கிராமத்து வியாபாரிகள் 2001-இல்தான் முழுதாக உணர்ந்தார்கள். அந்த ஆண்டு கால்நடைகளுக்குக் கோமாரி பரவியது. நோய் பரவாமலிருக்க நாடெங்கும் நடைப்பாதைகள் மூடப்பட்டன. பண்ணைகளைப் பற்றியே செய்திகள் வந்தன. ஆனால் மாடு ஒன்றுகூட இல்லாத விடுதிக்காரரும் தேநீர்க் கடைக்காரரும் வாடகை வண்டிக்காரரும் வசந்த காலம் முழுவதும் வெறும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கம்ப்ரியா போன்ற மாவட்டங்களில் அடி பலமாக விழுந்தது. நடைப்பாதையைப் பொழுதுபோக்காகப் பார்த்த அரசு, அதைக் கிராமப் பொருளாதாரத்தின் ஒரு தூணாகப் பேசத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

இரண்டே ஆண்டுகளில், 2003 மே மாதத்தில், ஹேட்ரியன் சுவர்ப் பாதை திறக்கப்பட்டது. ரோமானியர் கி.பி. 122-இல் கட்டத் தொடங்கிய சுவரை ஒட்டி, கிழக்கே வால்செண்டிலிருந்து மேற்கே பௌனஸ் வரை 84 மைல். இந்தப் பாதைதான் வியாபாரிகளுக்கும் பாதுகாவலர்களுக்கும் இடையே உள்ள முரணை ஒளிவுமறைவின்றிக் காட்டுகிறது. மழைக்காலத்தில் மண் ஊறியிருக்கும்போது ஆயிரக்கணக்கான கால்கள் மிதித்தால் புல் போகும்; புல் போனால் அடியில் புதைந்திருக்கும் தொல்லியல் எச்சம் சிதையும். எனவே முத்திரை குத்தும் பாஸ்போர்ட் திட்டத்தை மே 1 முதல் அக்டோபர் 31 வரை மட்டுமே நடத்துகிறார்கள். குளிர்காலத்தில் முத்திரை இல்லை. நனைந்த புல்வெளியில் ஒருவர் பின் ஒருவராக நடந்து தடம் பதிக்காமல், பக்கம்பக்கமாக நடக்கச் சொல்கிறார்கள்.

விடுதிக்காரரின் கணக்கு இதற்கு நேர் எதிரானது. கடன் தவணை பன்னிரண்டு மாதமும் கட்ட வேண்டும். கோடையில் எப்படியும் அறை நிரம்பிவிடுகிறது. நவம்பரிலும் பிப்ரவரியிலும்தான் ஆள் வேண்டும். விளம்பரத்தின் வேலையே வெறுமையான மாதங்களை நிரப்புவதுதான் என்பது வியாபாரியின் வாதம். வெறுமையான மாதங்களில்தான் நிலம் மூச்சு விடுகிறது என்பது பாதுகாவலரின் பதில். இருவருமே சரி. ஆனால் இந்த வழக்கில் நான் பாதுகாவலர் பக்கம் நிற்பேன். சுவர் சிதைந்தால் விற்பதற்கே எதுவும் இராது என்பதை விடுதிக்காரரும் அறிவார். அவருக்குத் தர வேண்டியது குளிர்காலக் கூட்டம் அல்ல. கோடையில் மாலை வேளையிலும் ஓடும் பேருந்து. சுவரை ஒட்டி ஏடி122 என்றொரு பேருந்து ஓடுகிறது. சுவர் பிறந்த ஆண்டே அதன் எண். பாதையை விட்டு ஒன்றிரண்டு மைல் தள்ளியிருக்கும் விடுதிக்கு அந்தப் பேருந்துதான் வாசல்.

அதே பாதையில் நேர்ந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரண்டு மேடுகளுக்கு நடுவே ஒற்றையாக நின்ற சிகமோர் மரம் ஒன்று, சுவரைப் பற்றிய எண்ணற்ற படங்களிலும் அட்டைகளிலும் முகமாக இருந்தது. 1991-இல் வெளிவந்த ராபின் ஹூட் திரைப்படத்திலும் அது வரும். 2023 செப்டம்பர் இறுதியில் ஓர் இரவில் அதை ரம்பத்தால் அறுத்துச் சாய்த்துவிட்டார்கள். ஊரே அழுதது. மரத்துக்காக அழுத அதே மக்களுக்கு விளம்பரக் கேள்வியும் எழாமல் இராது: 84 மைல் பாதையை ஒரே மரத்தின் படத்தால் விற்றுவந்தது ஏன்? அந்தப் படம் கூட்டத்தை நடுப்பகுதியின் சில மைல்களுக்குள் இழுத்தது. மேற்குக் கடைசியின் சதுப்பு வெளிகளுக்கும் கிழக்கின் பழைய தொழிலாளர் குடியிருப்புகளுக்கும் அது ஒன்றும் செய்யவில்லை.

ஸ்காட்லாந்தின் மேற்கு மலைவழி 1980-இல் திறக்கப்பட்ட 96 மைல் பாதை. அங்கே மூட்டை சுமக்கும் வேன்கள் தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கின்றன. லோமண்ட் ஏரியின் கிழக்குக் கரையில் கூட்டம் மிகுந்து, 2011-இல் கண்ட இடத்தில் கூடாரம் போடுவதற்குக் கட்டுப்பாடு வந்தது. விளம்பரம் ஜெயித்த பிறகு வரும் செலவு அது.

ஜப்பானின் குமானோ கோதோவில் இதையெல்லாம் தலைகீழாக யோசித்தார்கள். கீ தீபகற்பத்து மலைகளின் புனிதத் தலங்களும் யாத்திரை வழிகளும் 2004-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. உடனே சுற்றுலாப் பேருந்துகள் வந்தன. இறங்கி, படம் எடுத்து, ஏறிப் போனார்கள். மலையூர்ச் சிறு விடுதிகளுக்கு அதில் ஓர் இரவுகூட மிஞ்சவில்லை. 2005-இல் ஐந்து ஊராட்சிகள் இணைந்து தனாபே நகராட்சி ஆனது. அடுத்த ஆண்டு குமானோ சுற்றுலா அமைப்பைத் தொடங்கினார்கள். முன்பு அந்த மலையூர்களில் ஒன்றில் ஆங்கிலம் கற்பித்த பிராட் டவுல் என்ற கனடாக்காரரை வேலைக்கு அழைத்தார்கள். பெருங்கூட்டம் வேண்டாம், தனியாகவும் இருவராகவும் மெல்ல நடந்து, இரவு தங்குகிறவர்கள் வரட்டும் என்று முடிவெடுத்தார்கள்.

பிறகு அவர்கள் செய்தவற்றை விளம்பரம் என்று யாரும் பெயர் வைக்க மாட்டார்கள். ஒரே கோயிலின் பெயர் ஒவ்வொரு பலகையிலும் ஒவ்வொரு விதமாக ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைத் திருத்தி ஒரே எழுத்துக்கூட்டலுக்குக் கொண்டுவந்தார்கள். விடுதி நடத்தும் பெரியவர்களை உட்காரவைத்துப் பேசினார்கள்: வெளிநாட்டவர் வந்தால் ஆங்கிலம் பேச வேண்டாம், ஒரு தாளில் கேள்விகளும் பதில்களும் இரு மொழியிலும் இருக்கும், விரலால் சுட்டினால் போதும். குளியல் எத்தனை மணிக்கு, பச்சை மீன் சாப்பிடுவீர்களா, காலை உணவு எப்போது. 2010-இல் அந்த அமைப்பே பயண முகமையாகவும் மாறியது. ஆறு அறை கொண்ட விடுதியின் பாட்டியால் இணையத்தில் ஆங்கிலக் கடிதத்துக்குப் பதில் எழுத முடியாது. கடன் அட்டையில் பணம் வாங்கவும் முடியாது. முன்பதிவை அமைப்பு வாங்கிக்கொண்டது, பணத்தையும் வாங்கிக்கொண்டது, பாட்டிக்கு ஜப்பானிய மொழியில் ஒரு தாள் போய்ச் சேர்ந்தது: இன்ன தேதி, இரண்டு பேர், ஒருவர் மீன் சாப்பிட மாட்டார். நடப்பவரின் மூட்டையை அடுத்த விடுதிக்கு உள்ளூர் வண்டி கொண்டுபோனது. 2015 முதல் சந்தியாகோவோடு சேர்ந்து இரண்டு பாதைகளையும் நடந்தவருக்குத் தனிச் சான்றும் தருகிறார்கள்.

நான் பார்த்தவரையில், உள்ளூர் வியாபாரிகள் விளம்பரத்திடம் எதை எதிர்பார்க்கிறார்கள் என்ற கேள்விக்குக் குமானோ கொடுத்த பதில்தான் முழுமையானது. முதலில் இரவைச் சரிசெய்தார்கள், பிறகு பாதையைச் சொன்னார்கள். எந்த இரவு விற்கப்பட்டது, எந்த ஊரில் அறை காலியாக இருக்கிறது என்று ஒரே இடத்தில் தெரிந்ததால், நடப்பவரை நிரம்பிய ஊரிலிருந்து அடுத்த ஊருக்குத் திருப்பவும் முடிந்தது. கோடும் புள்ளியும் ஒரே கணக்கேட்டுக்குள் வந்தன.

தமிழருக்கு நெடுநடை புதிதல்ல. யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து கிழக்குக் கரையோரமாக, உகந்தைமலையையும் குமண, யால காடுகளையும் கடந்து கதிர்காமம் வரை நடக்கும் பாதயாத்திரைக்கு யாரும் சிற்றேடு அச்சிட்டதில்லை. அங்கே வழியோரம் இருப்பது தண்ணீர்ப்பந்தலும் அன்னதானமும். நடப்பவர் வாடிக்கையாளர் அல்லர், அடியார். அந்த உறவைச் சந்தையின் மொழிக்குள் கொண்டுவர நான் விரும்பவில்லை.

ஆனால் இலங்கை மலையகத்தில் இப்போது சந்தைக்கென்றே ஒரு பாதை வந்திருக்கிறது. பீக்கோ பாதை: கண்டிக்கு அருகே ஹந்தானையில் தொடங்கி, ஹப்புத்தளை, எல்ல வழியாகச் சுற்றி நுவரெலியாவில் முடியும் 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி. 22 கட்டங்கள், சராசரியாக ஒரு கட்டம் 14 கிலோமீட்டர் என்று கொள்ளலாம். இலங்கையில் நெடுங்காலம் வாழும் ஸ்பெயின் நாட்டவர் மிகேல் குனாட்டின் எண்ணம் இது. ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவின் யூஎஸ்எய்டும் நிதி தந்தன. 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர வழியாகவும் பாதை போகிறது. பழைய வண்டித்தடங்களும் தோட்டத்து ஒற்றையடிப் பாதைகளும்தான் அதன் உடம்பு.

அந்தத் தடங்களை வெட்டிய தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் பாதையை ஒட்டிய லயங்கள் என்னும் வரிசை வீடுகளில் இருக்கிறார்கள். நடப்பவர் எடுக்கும் படங்களில் கூடையோடு அவர்கள் இருப்பார்கள். பாதையோர வியாபாரி என்ற வரிசையில் அவர்கள் எங்கே? தங்குமிடம் நடத்த வீடு சொந்தமாக வேண்டும். லயத்து அறையும் அது நிற்கும் நிலமும் பெரும்பாலோருக்கு அவர்கள் பேரில் இல்லை. தோட்டத்துக்குள் ஒரு பெட்டிக்கடை வைக்கவும் நிர்வாகத்தின் சம்மதம் வேண்டும். அதே மலையில் பழைய துரை பங்களாக்கள் ஆடம்பர விடுதிகளாகியிருக்கின்றன. அவற்றில் சிலவற்றின் ஓரிரவு வாடகை, 2024 செப்டம்பரில் 1,350 ரூபாய் அடிப்படை நாட்கூலி நிர்ணயிக்கப்பட்ட தொழிலாளியின் மாதச் சம்பளத்தைத் தாண்டும். எல்ல போன்ற ஊர்களில் விடுதிக்காரர்களுக்கு நடப்பவர்கள் வந்து சேர்வார்கள். அவர்கள் ஏற்கெனவே சுற்றுலாவை அறிந்தவர்கள். நடுவிலுள்ள கட்டங்களில், லயங்களுக்கு நடுவே, பாதை ஓர் இரவையும் விட்டுச் செல்லாமல் கடந்து போய்விடக்கூடும். சாரியாவுக்குக் கிழக்கே நடந்தது இங்கே இன்னும் கசப்பாக நடக்கும், ஏனென்றால் இங்கே கதவே அவர்களுடையது இல்லை. நிதி தந்த இரண்டில் ஒன்றான யூஎஸ்எய்டு 2025-இல் மூடப்பட்டுவிட்டது. கொடையால் ஓடும் விளம்பரம் கொடையோடு நின்றுவிடும். பாதையைக் காக்கப்போவது அதில் பிழைக்கிறவர்கள்தான் என்றால், அந்தப் பிழைப்பை லயத்துக்குள் கொண்டுபோவது கருணையல்ல, தேவை.

மலையக மக்களின் முதல் நெடுநடையும் விற்பனைக்கு உரியதல்ல. தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தவர்களில் பலர் நோயிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தார்கள். அந்த வருகையின் 200-ஆம் ஆண்டை நினைத்து, 2023 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். காணியும் வீடும் அந்த நடையின் கோரிக்கைகளில் இருந்தன. பீக்கோ பாதையின் விளம்பரத்தைப் பற்றிப் பேச உட்காருகிறவர்கள் அந்தக் கோரிக்கையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். வீட்டுக்கு உறுதிப்பத்திரம் கிடைத்த குடும்பம் ஓர் அறையை வெள்ளையடித்து வாடகைக்கு விடலாம்; குமானோவில் செய்ததுபோல் முன்பதிவை ஒரு கூட்டமைப்பு பார்த்துக்கொள்ளலாம்.

அதுவரை செய்யக்கூடிய சின்ன வேலை ஒன்று உண்டு. காலையில் கிளம்பி நடப்பவர் 14 கிலோமீட்டர் கட்டத்தின் நடுவழியை மதியத்தை ஒட்டி எட்டுவார். மதியக் கொழுந்து நிறுப்பதற்காகப் பெண்கள் மடுவத்தில் வந்து சேரும் நேரமும் அதுவே. மடுவத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை, சூடான பிளேன் டீ, தேங்காய் ரொட்டி, கட்டசம்பல், ஒரு முத்திரை, ஒரு மைப்பெட்டி. முத்திரையில் அந்தத் தோட்டத்தின் பெயர் தமிழில் இருக்கட்டும். தேநீர்ப் பணம் ஊற்றிக்கொடுப்பவரின் கைக்கே போகட்டும்.